லிஸ்பன் டிராமில் ஒரு ஜன்னல் சீட்

முதலில் ஒரு விளக்கம். என்னை யாரும் அரெஸ்ட் பண்ணவில்லை.

விசாரித்தார்கள். அவ்வளவுதான். அதுவும் ரொம்ப மரியாதையாக. ஆனால் விசாரணைக்கும் அரெஸ்ட்டுக்கும் வித்தியாசம் பார்க்காத நம்ம ஊரில், பாலக்கரையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் இரண்டு வாரமாக என் கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"யக்கா, ஃபாரின்ல உங்கள உள்ள வெச்சிட்டாங்களாமே... எத்தினி நாளு?"

எத்தனை நாளா? மொத்தமே ஒரு மணி நேரம்தான் தம்பி! அதிலும் கால் மணி நேரம் நான் ஓடியது.

எதிர்வீட்டில், நான் தங்கம் கடத்தியதாகப் பேச்சு. காய்கறி மார்க்கெட்டில், நான் டிராமையே கடத்தியதாகப் பேச்சு. இரண்டாவது மட்டும் கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என்னோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். உங்களிடம் மறைப்பானேன்? நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் கயல் போர்ச்சுகல் நாட்டில், லிஸ்பனுக்கு வெளியே ஒரு ஊரில் செராமிக் படிக்கிறாள். அப்பா இங்கே செராமிக் யூனிட் வைத்து ஃப்யூஸ் கேரியர் செய்கிறவர். "களிமண்ணு படிக்க இம்மாந் தூரமா?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஸ்காலர்ஷிப் வாங்கினாள், ஃப்ளைட் ஏறினாள். போன மாதம் மூன்று வாரம் அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்று நானும் கிளம்பிப் போனேன்.

போன இடத்தில்தான் தெரிந்தது — நான் போன நேரம், பிள்ளைகள் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்த நேரம். கயல், அவளோடு படிக்கும் குவாமே, இனேஸ் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்க லிஸ்பன் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று இரண்டு மாதமாகப் பேசி வைத்திருந்தார்கள். குவாமே கானா நாட்டுப் பையன். ஆறடி உயரம், வாய் நிறையச் சிரிப்பு. இனேஸ் லிஸ்பன் பெண்ணேதான். வெள்ளி ராத்திரியிலிருந்து திங்கள் காலை வரைக்கும் அவளுடைய பெரியம்மா வீட்டில் தங்கல்.

இதில் ஊர் சுற்றுவது மட்டும் இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு கயலுக்கு லிஸ்பனில் ஒரு அப்பாயின்ட்மென்ட் இருந்தது. அங்கே தங்கிப் படிப்பதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் நிற்க வேண்டும். அந்த ஒரு தேதிக்காக நாலு மாதம் காத்திருந்தாள். அது தவறினால் பெர்மிட் முடிந்துபோகும். பெர்மிட் முடிந்துபோனால், ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் அவளுக்குக் கிடைத்திருந்த ஆறு மாத டிரெய்னிங்கும் போகும். அந்த டிரெய்னிங் கிடைத்த அன்று அவள் போனில் அழுதே விட்டாள். அதனால் பாஸ்போர்ட்டை அவள் கண் மாதிரி வைத்திருந்தாள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது கயல் என்னிடம் கண்டிஷன் போட்டாள்.

"ம்மா, நீ வர்றதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா அவங்க ரெண்டு பேரு முன்னாடியும் என்னை பாப்பான்னு கூப்புடக் கூடாது. யாரு சம்பளத்தையும் கேக்கக் கூடாது. புளிசோறு கட்டி எடுத்தாரக் கூடாது."

"சரி பாப்பா," என்றேன்.

சனிக்கிழமை காலை... ஊரா அது! அடேயப்பா!

ஆறு என்றார்கள். போய்ப் பார்த்தால் கடல் மாதிரி கிடக்கிறது. நம்ம மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஜாதி நாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆற்றங்கரையில் நின்று "ஓ!" என்று கத்த வேண்டும் போல இருந்தது. குவாமே கத்தியே விட்டான். உடனே நானும் கத்தினேன். கயல் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அப்புறம் அந்தச் சுவர்கள்! தெருத்தெருவாக, வீட்டுக்கு வீடு, தரையிலிருந்து மாடி வரைக்கும் டைல்ஸ். நீலம், மஞ்சள், பச்சை. பூ, கப்பல், மீன், குதிரை. நாம் டைல்ஸை பாத்ரூமுக்குள் ஒட்டி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம். இவர்கள் அதையே வாசல் பக்கம் ஒட்டி, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் காட்டுகிறார்கள். செராமிக்குக்குப் பேர்போன விருத்தாசலத்தில் முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லையே?

கயலைப் பார்க்க வேண்டுமே! சந்து சந்தாக ஓடினாள். ஒவ்வொரு சுவரிலும் கையை வைத்தாள். காலையில் எனக்குக் கண்டிஷன் போட்ட பெரிய மனுஷியைக் காணோம்.

"ம்மா, இங்க பாரேன்... இந்த நீலம் ஓரத்துல லேசா கசிஞ்சிருக்குது பாரு. இது கையால தீட்டுனது. பக்கத்துல இருக்குதே, அது அச்சு. யம்மா, இதெல்லாம் எத்தினி மழை பாத்திருக்கும்! இன்னும் பளபளன்னு இருக்குதே!"

"உங்கப்பாகிட்ட காட்டுடி, வீடியோ கால் போடு," என்றேன். இவர் அங்கிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சூளைக்கு கேஸா, கரண்டா?"

ஒரு கடையில் காபி குடித்தோம். முட்டையும் பாலும் சேர்த்து, நடுவில் லேசாகக் கருக விட்ட ஒரு குட்டி பேஸ்ட்ரி தந்தார்கள். வாயில் போட்டதும் கரைந்து போனது. நான் நாலு சாப்பிட்டேன். ஐந்து என்று இனேஸ் சொல்கிறாள். அவள் எண்ணியது தப்பு. தின்று முடித்த கையோடு நானும் கயலும் ஒரே நேரத்தில் தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தோம். எந்தக் கம்பெனி, எங்கே சுட்டது என்று பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் தட்டைக் கீழே வைக்க மாட்டார்கள். குவாமே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கயலும் சிரித்தாள். அன்று முதல் முறையாக என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஒரு மேட்டின் உச்சிக்கு ஏறினோம். கீழே ஊர் முழுக்க சிவப்பு ஓடு வேய்ந்த கூரைகள். அந்தப் பக்கம் ஆறு. நான் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தேன்.

"ம்மா!" என்றாள் கயல்.

"புளிசோறு கட்டக் கூடாதுன்னு நீ பஸ்ஸுல வெச்சுதான் சொன்ன. நான் வூட்லயே கட்டிட்டேன். அப்புறம் என்னா பண்றது?"

குவாமே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு நான் 'மம்மா'. எனக்கு ஒரே குஷி. பிள்ளைகள் என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்... இனி இந்த நாளுக்கு என்ன குறை?

குறை, டிராம் ஸ்டாப்பில் காத்துக்கொண்டிருந்தது.

லிஸ்பனில் மஞ்சள் நிறத்தில் பழைய காலத்து டிராம் ஒன்று ஓடுகிறது. ஒரே ஒரு பெட்டி. மினி பஸ் அளவுதான் இருக்கும். மரச் சட்டம், மர சீட். ஒற்றை ஆள் படுத்தால் அடைத்துக்கொள்ளும் சந்துகளில் எல்லாம் மணியடித்துக்கொண்டு மேடேறிப் போகிறது. அதில் போகாவிட்டால் லிஸ்பன் பார்த்ததாகவே கணக்கில்லையாம். அதனால் உலகத்தில் உள்ள டூரிஸ்ட் எல்லாம் அங்கே வரிசையில் நின்றார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள்.

அந்த ஸ்டாப்பில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கை, இன்னொருவர் பைக்குள் நுழைகிற படம். பிக்பாக்கெட் ஜாக்கிரதை!

பார்த்ததும் எனக்கு அம்மா புத்தி விழித்துக்கொண்டது.

"பாஸ்போர்ட்டு, கார்டு எல்லாம் இப்புடிக் குடுங்க. ஆளுக்கொரு பாக்கெட்ல வெச்சா தெரியாம உருவிடுவானுங்க. எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

கயல் கொஞ்சம் யோசித்தாள். இடுப்பில் கட்டியிருந்த சின்ன பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் பெர்மிட் கார்டையும் எடுத்துத் தந்தாள். குவாமேயும் "ஓகே மம்மா" என்று அவனுடையதைத் தந்தான். என்னுடையதோடு சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, என் பழுப்பு நிறக் கைப்பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தேன். எவ்வளவு பத்திரம்!

டிராம் வந்தது.

இந்த இடத்தில் நான் யார் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். எழுத வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நான் மங்களூர் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கர்நாடகா மங்களூர் இல்லை; திட்டக்குடி பக்கத்து மங்களூர். தினமும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போய், தினமும் திரும்பி வந்தவள். நம்ம பஸ் ஸ்டாண்டில் சீட் பிடிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் திரும்பி உள்ளே நுழையும்போதே கூட ஓட வேண்டும். படிக்கட்டுப் பக்கம் போகிறவன் ஏமாளி. ஜன்னல்தான் வழி. துண்டு, கைக்குட்டை, சாப்பாட்டுக்கூடை — எது கையில் இருக்கிறதோ அதை உள்ளே போட வேண்டும். அவசரத்துக்கு பிள்ளையையே ஜன்னல் வழியாக உள்ளே விட்டவர்கள் உண்டு. கைக்குட்டை போட்டால் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கனமான பையாக இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். நான் எப்போதும் பை கட்சி.

டிராம் வந்து என் எதிரிலேயே நின்றது. ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கி விட்டிருந்தார்கள். உள்ளே பார்க்கிறேன் — இரண்டு பேர் உட்காரும் சீட், ஜன்னல் ஓரம், காலி! முன்வாசலில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் நாலு பேர் ஏறினால் அந்த சீட் போய்விடும்.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவே இல்லை. கை தானாக எழுந்தது. பை ஜன்னல் வழியாகப் பறந்து போய், சீட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ரெண்டு சீட்டு புடிச்சிட்டேன்டி!" என்று கத்தினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு பை விழுந்ததே கிடையாது.

கயல் திரும்பினாள். என் கையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ம்மா... பை எங்க?"

"சீட்டுல."

"ம்மா, இங்க ஆளு நெறஞ்சதும் கதவ சாத்திடுவாங்கம்மா! மிச்சப் பேரு அடுத்த டிராமுக்கு நிக்கணும்!"

டிங் டிங் என்று மணியடித்தது. கதவு சாத்திக்கொண்டது. டிராம் கிளம்பி, வளைவில் திரும்பி, மேடேறிப் போய்விட்டது. மூன்று பேருடைய பாஸ்போர்ட், இரண்டு பேருடைய படிப்பு, என் பிளட் பிரஷர் மாத்திரை, பாதி புளிசோறு — எல்லாம் ஜன்னலோர சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து லிஸ்பன் பார்க்கப் போய்விட்டன.

பிக்பாக்கெட் அடிப்பானோ என்று பயந்தவள் நான். எந்தத் திருடனும் என்னிடம் வரவே இல்லை. நானே வாரி எடுத்து, ஜன்னல் வழியாக வீசிவிட்டேன்!

கயல் அழவில்லை. திட்டவில்லை. "திங்கக்கெழம," என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை போதாதா? நாலு மாதம், ஆறு மாதம், சொந்தக்காரர்கள் கேள்வி, அவள் பதில் சொல்லாமல் வாங்கிய ஸ்காலர்ஷிப்... எல்லாமும் அந்த வார்த்தைக்குள் இருந்தது. பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க அன்று எனக்குத் தைரியம் இல்லை.

"ஓடு!" என்று கத்தினாள் இனேஸ். "டிராம் சுத்திதான் போகும். படிக்கட்டு வழியா போனா முன்னாடி போயிடலாம்!"

ஓடினோம். குவாமே முன்னால், இனேஸ் அவன் பின்னால், கயல், கடைசியாக நான். லிஸ்பனில் தெருவென்றால் பாதி படிக்கட்டுதான். மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, சுடிதார் துப்பட்டா ஒரு பால்கனிச் செடியில் மாட்டியது. இழுத்துக்கொண்டு ஓடினேன். மங்களூர் பஸ்ஸைத் துரத்திய காலுக்கு லிஸ்பன் படிக்கட்டு பெரிதா என்ன?

மேலே போய்ச் சேர்ந்தால்... அடுத்த ஸ்டாப்பிலேயே டிராம் நின்றுகொண்டிருந்தது! நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட பிறகுதான் கவனித்தேன். டிராமுக்குள் ஒரு ஆள்கூட இல்லை. டிரைவர்கூட இல்லை. ஏறிய அத்தனை பேரும் தெருவின் அந்தக் கோடியில், ஒரு சர்ச் சுவரோரம் ஒண்டி நின்று டிராமையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் யாரையும் பக்கத்தில் விடாமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இன்னொரு மஞ்சள் டிராம் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னும் ஒன்று.

காலி டிராமில், ஜன்னலோர சீட்டில், என் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு விஷயம் புரியவில்லை. பை கண்ணில் பட்டது, அவ்வளவுதான் தெரியும். "அது என் பையிங்க! என் பை!" என்று தமிழில் கூவிக்கொண்டே டிராமை நோக்கி ஓடினேன்.

"ம்மா நில்லு! ஓடாத! கையத் தூக்காத!" கயல் பின்னாலிருந்து வந்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "பாம்னு நெனச்சிட்டாங்கம்மா! நீ பைய வீசிட்டு உள்ள ஏறாம நின்னுட்ட இல்ல? யாரோ வேணும்னே போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிட்டாங்க!"

பாம்! என் புளிசோறு!

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. கயலின் பெயர் போலீஸ் ஃபைலில் ஏறினால் திங்கட்கிழமை என்ன ஆகும்? பாஸ்போர்ட் கிடைத்தாலும் பெர்மிட் கிடைக்குமா? பிள்ளையின் வாழ்க்கையில் அம்மாவே மண்ணைப் போட்டாளா?

ஒரு பெண் போலீஸ் எங்களிடம் வந்தார். இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். பைக்குள் என்ன இருக்கிறது? நான் ஒன்று விடாமல் சொன்னேன். பாஸ்போர்ட், மாத்திரை, ஸ்வெட்டர், முறுக்கு, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸுக்குள் என்ன? புளிசோறை இங்கிலீஷில் விளக்குவதற்குள் குவாமே குறுக்கே வந்து, "அருமையான சாப்பாடு மேடம், நானே மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்" என்று சாட்சி சொன்னான்.

இதற்குள் ஒரு டூரிஸ்ட் தன் போனை நீட்டினார். டிராம் வருவதை வீடியோ எடுத்தாராம். அதில் நான் தெளிவாகத் தெரிந்தேன். பை பறக்கிறது, சீட்டில் விழுகிறது, நான் இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறேன். போலீஸ்காரம்மா இரண்டு தடவை பார்த்தார். (இந்த வீடியோதான் எப்படியோ விருத்தாசலம் வாட்ஸ்ஆப் குரூப்புகள் வரை வந்து சேர்ந்து, ஆட்டோத் தம்பியின் வாயில் விழுந்தது. கடல் தாண்டி அது எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது.)

ஒரு நாயைக் கூட்டி வந்தார்கள். அது டிராமில் ஏறி, பையை முகர்ந்து, பெரிதாக ஒரு தும்மல் போட்டது. பெருங்காயம்! அப்புறம் வாலை ஆட்டியது. ஒரு போலீஸ்காரர் உள்ளே போய் ஜிப்பைத் திறந்தார். பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் போலீஸ்காரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் வீசினீர்கள்?"

கயல் சொன்னாள். எங்கள் ஊரில் பஸ்ஸில் இடம் பிடிக்க எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், அம்மா இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் வேலைக்குப் போனார், பழக்கம் என்று சொன்னாள். ஆனால் 'அம்மாவுக்குத் தெரியாது' என்றோ, 'அம்மா செய்தது முட்டாள்தனம்' என்றோ சொல்லவில்லை. 'எங்கள் ஊரில்' என்றாள். 'நாங்கள்' என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

போலீஸ்காரம்மா நம்பவில்லை. "முன்பின் தெரியாத ஆட்கள் இருக்கும் பஸ்ஸுக்குள், உங்கள் பையை நீங்களே வீசுவீர்களா? யாரும் திருடிவிட மாட்டார்களா?"

எத்தனை நியாயமான கேள்வி! எனக்கு இது தோன்றியதே இல்லை. சம்பள நாளில்கூட பையை வீசியிருக்கிறேன். ஏறிப் போய்ப் பார்த்தால் பை அப்படியே இருக்கும். பல நாள் அதை எடுத்துப் பத்திரமாகப் பக்கத்து ஆள் மடியில் வைத்துவிட்டு, என் சீட்டில் வேறு யாராவது சட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். "உங்க பைதானே, இந்தாங்க" என்று மரியாதையாகக் கையில் வேறு கொடுப்பார்கள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். "மேடம், எங்கள் ஊரில் பையைத் தொடவே மாட்டார்கள். சீட்டைத்தான் திருடுவார்கள்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தை மறுபடி போலீஸாக்கிக்கொண்டு, "இனி செய்யாதீர்கள்" என்றார். கேஸ் இல்லை. எழுதி வாங்கவில்லை. பையை என் கையில் தந்தார்.

இனேஸ் சும்மா இருப்பாளா? சுவரோரம் நின்ற கூட்டத்துக்கு முழுக் கதையையும் போர்ச்சுகீஸில் கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இதற்காகவா எங்களை இறக்கிவிட்டார்கள் என்று அடிக்க வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கீரைக்கட்டும் ரொட்டியும் கையில் வைத்திருந்த ஒரு அம்மா, "ஆ!" என்று சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவருக்கு அது தொற்றியது. ஜப்பான்காரர் ஒருவர் நான் வீசியது மாதிரியே கையை வீசிக் காட்டினார். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம் நான் நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாவது தடவை அவரும் லேசாகச் சிரித்தார்.

எல்லாரும் மறுபடி டிராமில் ஏறினார்கள். நாங்கள் ஒதுங்கி நின்றோம். எந்த முகத்தோடு ஏறுவது? அந்தக் கீரைக்கட்டு அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வா வா என்று கையசைத்தார். டிரைவரும் கதவைச் சாத்தாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏறினோம். டிராமில் நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நெரிசலில், ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட். ஒரு ஆள்கூட அதில் உட்காரவில்லை. கீரைக்கட்டு அம்மா சீட்டைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

"உங்க சீட்டாம் ஆன்ட்டி," என்றாள் இனேஸ். "நீங்க போட்டு வெச்சதாம்."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை சீட்டுக்குச் சண்டை போட்டிருப்பேன்! என் பைக்காக ஒரு வண்டி ஜனமே நின்றுகொண்டு வந்தது அன்றுதான். கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது; இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்து, தள்ளி இடம் விட்டேன். கயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டிராம் மணியடித்துக்கொண்டு மேடேறியது. நீல டைல்ஸ் வீடுகள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து வந்து போயின. சிறிது நேரம் கழித்து அவள் தலையை என் தோளில் சாய்த்தாள்.

"பாவி," என்றாள். "என்னா வீச்சுடி யம்மா அது!"

இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டியே திரும்பிப் பார்த்தது. பெற்ற மகள் என்னை 'டி' போட்டதை நான் அன்று கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போனோம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், கைரேகை எடுத்தார்கள், அரை மணியில் வேலை முடிந்தது. வெளியே வந்ததும் கயல் ஒரு குதி குதித்தாள். டிரெய்னிங் உறுதி. என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

அன்றிலிருந்து நான் ஃப்ளைட் ஏறும் நாள் வரைக்கும் என் கைப்பையை கயல்தான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். "கனமா இருக்குதும்மா, நீ ஏன் கஷ்டப்படற, நான் எடுத்தாறேன்," என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னாள்.

நானும் நம்பிவிட்டது போலவே நடந்துகொண்டேன்.